மூன்று தண்ணீர்

உச்சிவெயிலிலும் முந்திரியின் கண்மணிகள் சுருங்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் சின்னப்பிள்ளைதான்.

கார்த்திகை மாதத்து மத்தியானம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. சின்னப்பிள்ளை கொல்லைப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முந்திரி என்ற அந்தப் பூனை அவளுக்கு எதிரே சிமெண்டுத் தரையில், முகத்தை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தது.

"டீச்சரம்மா, செத்த இங்கிட்டு வாங்களேன். இதென்ன, இருட்டுல முழிக்கிற மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கு? இந்த வெயிலுக்குக் கண்ணு கோடு மாதிரியில்ல ஆகணும்?"

ராஜலட்சுமி அடுப்படியிலிருந்து வந்து குனிந்து பார்த்தாள். கண் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை வளையம்.

"இது சாதிப் பூன. நம்ம ஊருப் பூன மாதிரி இருக்குமா?"

"சாதிப் பூனைக்குச் சூரியன் வேறயாக்கும்" என்றாள் சின்னப்பிள்ளை.

அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்க்கலாம் என்று ராஜலட்சுமிக்குத் தோன்றியது. ஆட்டவில்லை. அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

பூனை அவளுடையது அல்ல. மகள் அருணாவுடையது. அருணாவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் ஒரு காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு தோள்பையும் ஒரு மூடிபோட்ட கூடையுமாக அருணா இறங்கினாள். கூடைக்குள் வறுத்த முந்திரிப்பருப்பு நிறத்தில் இந்தக் குட்டி. "நகை, துணிமணியெல்லாம் எங்கடி?" என்று கேட்டதற்கு, "அந்த வீட்ல என்னோடதுன்னு இருந்தது இதுதாம்மா" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அடுத்த ஆடியில் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது பூனையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"தனி வீடு கெடச்சதும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அதுவரைக்கும் பத்தரமா வச்சிருப்பியாம்மா?"

"முப்பது வருஷம் ஊரான் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு பூனைய வச்சுக்க மாட்டனா?"

அப்படிச் சொன்னதிலிருந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது. ராஜலட்சுமியின் கணவர் பழனிச்சாமி அவள் ஓய்வுபெறுவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மகள் வரும் நாளில் இந்தப் பூனையைக் கொடுத்தபடியே அவள் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ராஜலட்சுமிக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அன்னவாசலுக்கு மேற்கே, சித்தன்னவாசல் பாறைகள் தெரியும் தூரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அங்கே அவளுக்குக் கீழே சமையலராக இருந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போடும் முன் அமைப்பாளர் ஒரு வாய் தின்றுபார்க்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அது கையெழுத்தோடு முடிந்துவிடும். ராஜலட்சுமி நிஜமாகவே தின்பாள். தின்றுவிட்டு வாசலில் நின்று தன் வயிற்றைக் கவனிப்பாள். பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் காத்திருப்பார்கள். தலையாசிரியர், "என்ன டீச்சர், உயிரோட இருக்கீங்களா, பரிமாறலாமா?" என்று கிண்டல் செய்வார். அவள் சிரிக்க மாட்டாள். எங்கோ ஒரு மாவட்டத்தில் சாம்பாரில் பல்லி கிடந்து பிள்ளைகளை ஆம்புலன்சில் ஏற்றினார்கள் என்று பேப்பரில் வந்தால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. அவள் பானையில் தின்ற ஒரு பிள்ளைகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பணிநிறைவு விழாவில் சால்வை போட்டவர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள். அவள் மனதில் நின்றது இது மட்டும்.

அரிசியோ பருப்போ, மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். மூன்றாம் தண்ணீர் தெளிந்தால்தான் உலை. கடைசி இரண்டு வருஷம் மூட்டையில் ஒரு விதமான அரிசி கலந்து வந்தது. கொஞ்சம் மஞ்சள் சாயலாக, ஒரே அளவில், தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்தது. "பிளாஸ்டிக் அரிசி" என்றாள் சின்னப்பிள்ளை. ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் போட்டு, அது இரும்புச்சத்துச் சேர்த்துச் செய்த அரிசி, பொறுக்கி எறியாதீர்கள் என்று சொன்னார்கள். ராஜலட்சுமி தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலை முறத்தை எடுத்துவைத்துச் சின்னப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒன்று விடாமல் பொறுக்கினாள். மிதந்ததை வழித்து ஊற்றினாள். "மிதக்கிறது அரிசியாகுமா? அனுப்புறவன் எதைச் சொன்னாலும் சொல்லுவான். திங்கிறது நம்ம புள்ளைங்க" என்றாள்.

பூனைக்குத் தீனி கூரியரில் வந்தது. பெரிய பை, பளபளப்பு, முழுக்க இங்கிலீஷ். வெளிநாட்டுச் சரக்கு. அருணா நாலைந்து தீனிகளை ஒப்பிட்டுப் பார்த்து, டாக்டர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. "தானியம் கம்மிம்மா. கோழிதான் அதிகம். மீன் எண்ணெய், சத்து எல்லாம் இருக்கு. அப்புடியே கிண்ணத்துல போட்டுத் தண்ணி மட்டும் பக்கத்துல வச்சிரு" என்று போனில் சொன்னாள்.

அப்படியே போடுவதா? ராஜலட்சுமி பையைப் பிரித்து, ஒரு பிடியை எவர்சில்வர் தட்டில் பரப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு வில்லைகள். வண்டு இல்லை, நூல் இல்லை, தூசி இல்லை. உள்ளங்கையில் மூடிவைத்துக் கொஞ்சம் சூடேறியதும் மோந்தாள். கருவாடும் தவிட்டு எண்ணெயும் சேர்ந்த வாடை. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். உப்பு இல்லை. கருகின மாவு மாதிரி, கடைசியில் நாக்கில் ஒரு கொழுப்பு. கொல்லைப்படியில் நின்று வயிற்றைக் கவனித்தாள். ஒன்றும் இல்லை.

ஆனால் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. விரலில் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. எந்த எந்திரத்தில் அரைத்ததோ, எத்தனை மாதம் கப்பலில் கிடந்ததோ. கையில் ஒட்டுகிற எதையும் அவள் கழுவாமல் உலையில் போட்டதில்லை.

சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். முதல் தண்ணீர் டீ மாதிரி இறங்கியது. மேலே எண்ணெய் வட்டங்கள். "பாத்தியா" என்று பூனையிடம் சொன்னாள். இரண்டாம் தண்ணீர் வெளிறியது. மூன்றாவது தெளிந்தது. ஊறி வெளுத்துப்போன வில்லைகளைக் கைநிறைய அள்ளிப் பிழிந்து கிண்ணத்தில் வைத்தாள். முந்திரி மோந்துபார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. அன்று தின்னவில்லை. மறுநாள் பசி பொறுக்காமல் தின்றது.

கழுநீரைக் கீழே கொட்டும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் சின்னப்பிள்ளையின் மாட்டுக்குப் போகும். இது கவிச்சித் தண்ணீர், மாட்டுக்கு ஆகாது. கொல்லையில் உரல் மாதிரி ஒரு பழைய ஆட்டுக்கல் மழையில் கிடந்தது. குழவி எங்கோ போய்விட்டது. அந்தக் குழியில் ஊற்றிவைத்தாள். சில நாளில் ஒரு கறுப்புக் குட்டி, எலும்பும் தோலுமாக, மதிலேறி வந்து அதை நக்கத் தொடங்கியது. வாயில்லா ஜீவன் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

ஒவ்வொரு புதுப் பை பிரிக்கும்போதும் ஒரு பிடி எடுத்து, மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்தாள். சத்துணவில் தினமும் மாதிரிச் சோறு எடுத்துவைத்த கை. அடுப்படி அலமாரியில் புட்டிகள் வரிசையாக நின்றன.

சின்னப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனபிறகு அவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. முந்திரி சன்னல்திட்டுக்குத் தாவும் முன் முன்னங்காலைத் தூக்கித் திட்டைத் தொட்டுப் பார்த்தது. படியிறங்கும்போது மீசையை முன்னால் நீட்டியது. ஒருநாள் ஓர் அணில் அதன் மூக்குக்கு ஒரு முழத்தில் வந்து, கீழே கிடந்த அரிசியை எடுத்து, பின்னங்காலில் நின்று சாவகாசமாகத் தின்றது. முந்திரியின் காதுகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பின. அணில் தின்று முடித்துவிட்டு ஓடாமல் நடந்தே போனது.

மதில்மேல் கறுப்புப் பூனை உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அது குட்டி இல்லை. கழுத்து தடித்து, மேல்மயிர் எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. அதன் கண்கள் வெயிலுக்கு ஊசியாகச் சுருங்கியிருந்தன.

வாரக்கடைசியில் அருணா வீடியோவில் வந்தாள். "முந்திரிய காட்டும்மா." ராஜலட்சுமி போனைப் பூனையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஐயோ, கண்ணப் பாரேன்! எவ்வளவு பெருசா, கறுப்பா! படத்துல வர்ற பூன மாதிரி இருக்கும்மா. என்னத்தப் போட்டு வளக்குற?"

"நீ அனுப்புறதத்தான்."

"தைக்குள்ள வீடு கெடச்சிரும். பொங்கலுக்கு வந்து கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். பேப்பரெல்லாம் ரெடி பண்ணணும்."

போனை வைத்த பிறகு ராஜலட்சுமி புட்டிகளை இறக்கினாள். பழைய மாதிரிகளையும் புதியதையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். நிறத்தில் வேறுபாடு இருப்பதாகத் தோன்றியது. சன்னலருகே கொண்டுபோனால் இல்லை என்று தோன்றியது. ஒவ்வொன்றிலும் ஒன்று கடித்துப் பார்த்தாள். அவளுடைய நாக்கு இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை. இன்று அது ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பையின் முதுகில் இருந்த பொடியெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசியில் பையை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறினாள்.

உடையப்பனின் கடை பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. முன்பு கோழித்தீவனம் மட்டும் விற்றவர். இப்போது பாதிக்கடை நாய்க்கும் பூனைக்கும்.

"இது நல்ல சரக்கா, கெட்ட சரக்கா? இங்க வாங்குனது இல்ல. சும்மா சொல்லுங்க."

உடையப்பன் பையைத் தள்ளிப்பிடித்துப் படித்தார். "ஆத்தாடி. இதெல்லாம் நம்ம கடைக்கே வராதும்மா. ஒங்க பூன போன பிறவியில எந்த சமஸ்தானத்துல இருந்துச்சு?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. கோழின்னு போடாம கோழி மாவுன்னு போட்டிருக்கான். றெக்கையும் காலும் அரைச்சுப் போட்டிருப்பானா?"

"மொதல்ல எது எழுதியிருக்கோ அதுதான் எடையில அதிகம். பச்சக் கோழின்னு எழுதுனா பாதிக்கு மேல தண்ணி. காஞ்சா அது கீழ போயிரும். இது காயவச்சு அரைச்சது, அதனால கெட்டி. மட்டமான கம்பெனின்னா றெக்கை காலெல்லாம் கலப்பான், வாஸ்தவந்தான். அவன் கோழின்னே எழுத மாட்டான், சும்மா 'மாமிசம்'னு போட்டுருவான். இதுல தெளிவாப் போட்டிருக்கான். ரெண்டாவது மீனு. சோளம் கோதுமை எதுவும் மேல வரல. நல்ல சரக்கும்மா."

"இது என்ன? சாம்பல், நூத்துக்கு எட்டு பங்கு. சாம்பலையா போடுறான்?"

உடையப்பன் சிரித்துவிட்டார். "போடலம்மா. எரிச்சுப் பாத்தா மிஞ்சுற உப்புச் சத்து, எலும்புச் சத்து. எல்லாத் தீனியிலயும் இருக்கும். ஒங்களையும் என்னையும் எரிச்சாலும் மிஞ்சும்."

அந்தச் சிரிப்பு ராஜலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. விற்கிறவன் விற்கிறவனுக்குத்தான் பரிவான் என்று நினைத்தாள். "கடைசியில இத்தன பேரு வாயில நுழையாத பேரா இருக்கே, அதெல்லாம் மருந்துதான?"

"அதெல்லாம் சத்துதாம்மா. விட்டமின் அது இது. அதுக்குத்தான் காசே. பூனைக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் சட்டென்று. வெளியே வந்து பஸ்ஸ்டாண்டுக் கூட்டத்தில் நின்றபோதுதான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

அன்றிலிருந்து கூடுதலாகக் கழுவினாள். மூன்று தண்ணீர் ஐந்தாயிற்று. ஐந்து ஏழாயிற்று. முதலில் வென்னீரில் ஊறவைத்து வடித்து, திரும்ப ஊறவைத்து, பிசைந்து பிழிந்தாள். வாடை துளியும் இருக்கக்கூடாது. தீனியைக் குறைத்து, அந்த இடத்தில் குழையவடித்த சோறு சேர்த்தாள். சோறு யாரையும் ஏமாற்றியதில்லை. முந்திரி கொஞ்சம் தின்றுவிட்டுப் படுத்தது. படுத்தபடியே மூச்சு வாங்கியது. விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூனை மெலிகிறது என்று பட்டால் மறுநாள் இன்னும் ஒரு தண்ணீர் கூட்டினாள்.

ஆட்டுக்கல்லில் கழுநீர் வழிந்தது.

"அந்தக் கறுப்பனப் பாருங்க டீச்சரம்மா" என்று சின்னப்பிள்ளை மதிலைக் காட்டினாள். "கல்யாண மாப்புள மாதிரி மினுமினுன்னு ஆயிருச்சு. ஒங்க மகாராணி மகத்துவம் முழுக்க அதுக்குப் போயிருச்சுபோல."

"வாய மூடு" என்றாள் ராஜலட்சுமி. கீழே கிடந்த ஓட்டாஞ்சில்லை எடுத்து எறிந்தாள். கறுப்புப் பூனை தலையை மட்டும் இம்மி நகர்த்தியது. சில்லு காதோரமாகப் போய் மதிலுக்கு அப்பால் விழுந்தது. அது அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. அதற்கு எல்லாம் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மார்கழியில் அவள் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறவில்லை. நாற்காலி, குடம், மிதியடி, எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. சின்னப்பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டுப் போனால், அவள் போனதும் இவள் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். முந்திரி சுவரோரமாக அடுப்படிக்குப் போகும், திரும்பி வரும். பார்க்கிறவர்கள் அதற்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்றுதான் நினைப்பார்கள். ராஜலட்சுமியும் அப்படியே நினைக்க முயன்றாள்.

விமானத்தில் கொண்டுபோகப் பூனைக்கு உடம்பு சரியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அருணா சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் ராஜலட்சுமி புதுக்கோட்டையில் டாக்டர் தேவிப்ரியாவிடம் போனாள். கூடையில் பூனை. கைப்பையில் தீனிப் பையும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளும். சான்றிதழ் வாங்குகிற சாக்கில் அந்தத் தீனிக் கம்பெனியின் வண்டவாளத்தையும் கேட்டுவிடலாம் என்றிருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரி. பூனையை மேசையில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். பஞ்சை உருண்டையாக்கி அதன் முகத்துக்கு முன்னால் மேலேயிருந்து போட்டாள். பஞ்சு சத்தமில்லாமல் விழுந்தது. முந்திரி திரும்பவில்லை. இன்னொரு உருண்டை போட்டாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிறிய டார்ச்சால் கண்ணுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். விளக்கைப் போட்டு நெஞ்சில் குழாயை வைத்தாள். அதையும் வெகுநேரம் கேட்டாள்.

"எதுலயாவது முட்டிக்கிட்டு நடக்குதாம்மா வீட்ல?"

"இல்ல. நான் எதையும் எடம் மாத்துறதில்ல."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "கண்ணு போயிருச்சும்மா. உள்ள பின்னாடி இருக்குற திரை பூராவும் தேஞ்சுபோயிருக்கு. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. இதயமும் பெருசாயிருக்கும்னு தோணுது, ஸ்கேன் பாக்கணும். என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

ராஜலட்சுமி பையையும் புட்டிகளையும் மேசையில் எடுத்துவைத்தாள். "இதுதாம்மா. எனக்கு ஆரம்பத்துலேருந்தே சந்தேகம். ஒவ்வொரு பையிலயும் மாதிரி எடுத்து வச்சிருக்கேன்."

டாக்டர் பையின் முதுகை மேலிருந்து கீழாகப் படித்தாள். கடைசி வரிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "நல்ல தீனிம்மா. இதவிட நல்லது நான் எழுதிக் குடுக்க மாட்டேன். இந்தக் கோளாறு பெரும்பாலும் டாரின்னு ஒரு சத்து கொறஞ்சு வர்றது. மனுசனுக்கு ஒடம்பே அதச் செஞ்சுக்கும். பூன செஞ்சுக்காது, தீனியில வந்தாகணும். அது இதுல இருக்கு, தனியாச் சேத்திருக்காங்க. அதான் புரியல." புட்டியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்துப் பார்த்தாள். "வேற பூன இருக்கா? அதுவும் இதத்தான் திங்குதா?"

"கொல்லையில ஒண்ணு வரும். திங்காது. கழுநியத்தான் குடிக்கும்."

"எந்தக் கழுநி?"

"இதக் கழுவுன தண்ணி."

டாக்டர் வில்லையைக் கீழே வைத்தாள். "இதக் கழுவுவீங்களா?"

"சுத்தமாத்தாம்மா குடுப்பேன். வென்னியில ஊறப்போட்டு, மூணு தண்ணி கழுவி, பிழிஞ்சு. இப்பக் கொஞ்ச நாளா ஏழு தண்ணி. தீனியையும் கொறச்சுட்டேன், சோறுதான் பாதிக்கு மேல." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"டாரின் தண்ணியில கரையுறதும்மா" என்றாள் டாக்டர் மெதுவாக. "மத்த சத்துலயும் பாதி மேல பூசுனதுதான். கொஞ்சம் நனைச்சா ஒண்ணும் இல்ல, அந்தத் தண்ணியையும் சேத்துக் குடிச்சிரும். நீங்க வடிச்சிருக்கீங்க." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள். "கொல்லையில வர்ற பூன எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் ராஜலட்சுமி.

மருந்து எழுதிக்கொடுத்தார்கள். இதயம் திரும்பலாம் என்றாள் டாக்டர், கண் திரும்பாது. சான்றிதழைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் வேலை, ஒரு பிடி வில்லையை அப்படியே கிண்ணத்தில் போட்டது. முந்திரி மோந்துபார்த்தது. பிறகு தின்றது. மொறுக், மொறுக் என்று பல்லில் உடையும் சத்தம் அடுப்படி முழுக்கக் கேட்டது. இத்தனை நாளில் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. கொல்லையில் கறுப்புப் பூனை ஆட்டுக்கல்லின் விளிம்பில் உட்கார்ந்து வறண்ட குழியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தது.

சாயங்காலம் சின்னப்பிள்ளை வேலிக்கு அந்தப்பக்கம் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொழித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே எதையோ பொறுக்கிக் கோழிக்கு எறிந்தாள். கோழிகள் அடித்துக்கொண்டு கொத்தின.

"இதுலயும் பிளாஸ்டிக்கக் கலந்துட்டான் டீச்சரம்மா."

ராஜலட்சுமி கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலைப் பிரார்த்தனையில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே சரிந்து விழும் பெண்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அன்புச்செல்வி என்று ஒருத்தி, ஏழாம் வகுப்பு. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று சொல்லி, மத்தியானம் ராஜலட்சுமி அவள் தட்டில் மட்டும் ஒரு கரண்டி கூட வைப்பாள். மூன்று தண்ணீர் கழுவி, பொறுக்கி, தெளியவைத்த சோறு.

"பொறுக்காத, சின்னப்புள்ள."

"எதை?"

"அப்புடியே போட்டு ஆக்கு."

சின்னப்பிள்ளை முறத்தை மடியில் வைத்தாள். "இதென்ன கூத்து? நீங்கதான பொறுக்கச் சொல்லிக் குடுத்தீங்க?"

ராஜலட்சுமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அருணா போகிக்கு முதல்நாள் காலையில் திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அவளே சம்பாதித்து வாங்கியது. வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய உருட்டுப்பெட்டியைக் கூடத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு, கைகளை விரித்துக் கீழே உட்கார்ந்தாள்.

"முந்திரி! யாரு வந்திருக்கா பாரு!"

அடுப்படியில் பூனையின் கழுத்து மணியோசை கேட்டது. பூனை வாலை நட்டுக்கொண்டு வந்தது. முதலில் சுவரோரமாக. பிறகு அந்தக் குரல் தெரிந்ததும் சுவரை விட்டுவிட்டு நேராக, ஓட்டமாக வந்தது. நடுவில் பெட்டி நின்றது.

ராஜலட்சுமி எட்டிப் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினாள். அது உருண்டு கதவில் போய் இடித்தது. முந்திரி தடையில்லாமல் ஓடி அருணாவின் மடியில் ஏறியது.

"மறக்கலம்மா இது! பாரேன், மறக்கவே இல்ல!" அருணா அதன் முகத்தைக் கைகளில் ஏந்தினாள். "இந்தக் கண்ணு. நேர்ல பாக்க இன்னும் அழகா இருக்கும்மா. அப்புடியே என்னையே பாக்குது."

இன்றைக்குத் தெரியாது. பொங்கல் முடியும்வரை கூடத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். சான்றிதழை வேறு யாரிடமாவது வாங்கிவிடலாம். மஸ்கட்டில் புது வீட்டில், எது எங்கே இருக்கிறதென்று தெரியாத இடத்தில், அது முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும். அப்போது தீனியைச் சொல்வார்கள், விமானத்தைச் சொல்வார்கள். யாரும் இந்த வீட்டு அடுப்படியைச் சொல்ல மாட்டார்கள்.

"அதக் கீழ விடு" என்றாள் ராஜலட்சுமி.

"ஏம்மா?"

"விட்டுட்டு, அங்கிட்டு அடுப்படி வாசல்ல போயி நின்னு கூப்பிடு."

"என்ன வெளையாட்டு இது?" அருணா சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். ராஜலட்சுமி கூடத்தின் நடுவில், பெட்டி நின்ற இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வழியை முழுக்க மறைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தாள்.

"முந்திரி, வா!"

பூனை ஓடிவந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. சன்னல் வெளிச்சம் முழுக்க அதன் முகத்தில் விழுந்தது. அது வேகம் குறையாமல் வந்து ராஜலட்சுமியின் முழங்காலில் நெற்றியோடு மோதி, தடுமாறி உட்கார்ந்தது. எழுந்து மீசையால் அவள் சேலையைத் தடவித் தடவி, எது குறுக்கே கிடக்கிறதென்று தேடியது.

அருணாவின் சிரிப்பு நின்றது. "அம்மா?"

ராஜலட்சுமி பூனையின் தலையில் கையை வைத்தாள். அந்தக் கையிலிருந்து தீனியின் வாடை வந்தது.

"கழுவுனது நாந்தாண்டி" என்றாள்.